இடித்த சுவர், எழுதாத பத்திரம்



பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்பதைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். தாய்ப்பத்திரத்தைத் தேடி எடுக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழில் பெண்பிள்ளைகளின் பெயர் விட்டுப்போயிருக்கிறதா, சொத்துவரி நடப்பு அரையாண்டு வரை கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறார்கள். வாஸ்து பார்க்கிறவரும் வந்து போகிறார். இத்தனையும் செய்தவர்கள், வீட்டின் ஹாலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்து, “இந்த இடத்தில் முன்பு ஒரு சுவர் இருந்ததா?” என்று கேட்பது மட்டும் அபூர்வம்.

நான் கட்டமைப்புப் பொறியாளன். பூச்சுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் அந்த ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேசுகிறேன். வீட்டை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். முக்கியமாக விற்கிறவர்களை நோக்கியே பேசுகிறேன், ஏனென்றால் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

சென்னையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய தனி வீடுகளை எண்ணிப் பாருங்கள். அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் தரைத்தளம் மட்டும் போட்டுக் கட்டியவை. பெரும்பாலானவற்றில் பில்லரும் பீமும் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்கும். அதற்கும் முந்திய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருந்தது. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்ட தளம் அது. இரண்டு வகையிலும் சுவர்தான் ஆதாரம். அறையைப் பிரிப்பதற்காக எழுப்பியதுபோலத் தெரியும் சுவர், உண்மையில் தலைக்கு மேலே உள்ள அத்தனை எடையையும் வாங்கி அஸ்திவாரத்தில் இறக்கிக்கொண்டிருக்கும்.

அந்த எடை எவ்வளவு என்று சொல்கிறேன். பத்தடி நீளம், பத்தடி உயரமுள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் எடை ஏறக்குறைய நான்கு டன். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலக் கனத்தில் காங்கிரீட் போட்டால் மூன்று டன். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு இது எதுவும் எடையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் ஏதோ ஒரு சுவர் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு குடும்பம் பெருகும். மகனுக்குக் கல்யாணம் ஆகும், மாடியில் இரண்டு அறை எழும். டிவிக்கும் சோபாவுக்கும் இடம் போதாது, ஹாலையும் முன்னறையையும் ஒன்றாக்குவார்கள். பால்கனியை அடைத்துப் படிக்கும் அறை ஆக்குவார்கள். மாடிப்படியை வெளியே கொண்டுபோவார்கள், ஒரு போர்ஷனை வாடகைக்கு விடலாம் என்று. இவை எதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பம் வாழ்ந்து வளர்ந்த அடையாளங்கள் அவை. ஆனால் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் திட்ட அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். வரைபடம் இருக்காது. எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார். ஒரு மேஸ்திரி வந்து பார்த்து, “தாங்கும் சார்” என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

மேற்கு மாம்பலத்தில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். அதை வாங்கியவர்கள் இளம் தம்பதி. கிரயம் முடிந்து, குடிபோவதற்கு முன் சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்க்க நினைத்தார்கள். இடிக்கலாமா என்று கேட்க என்னை அழைத்தார்கள். அப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். ஹால் அழகாக இருந்தது. புதுப் பெயிண்ட், புது ஃபால்ஸ் சீலிங், வரிசையாகச் சின்ன விளக்குகள். ஆனால் அந்தக் காலத்து வீட்டில் பன்னிரண்டு அடிக்கு நடுவே சுவரே இல்லாத ஹால் எப்படி வந்தது என்ற சந்தேகம் எனக்கு எழுந்தது. ஒரு பலகையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இரண்டு இரும்புக் கர்டர்கள் தெரிந்தன. முன்பு ஒரு சுவர் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, மாடிச் சுவரையும் இரண்டு தளங்களையும் இந்தக் கர்டர்களின் மேல் உட்காரவைத்திருக்கிறார்கள். மனக்கணக்கில் போட்டுப் பார்த்தாலே பதினைந்து டன்னுக்குக் குறையாது.

கர்டரைவிட எனக்குக் கவலை தந்தது அதன் முனை. கர்டர் செங்கல் சுவரில் வெறும் நான்கு அங்குலம்தான் உள்ளே போயிருந்தது. அடியில் காங்கிரீட் திண்டு எதுவும் போடவில்லை. அத்தனை எடையும் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல்லின் மேல் இறங்குகிறது. முனைக்குக் கீழே இருந்த இரண்டு செங்கற்கள் நொறுங்கிப்போயிருந்தன. விரல் வைத்தால் செம்பொடியாக உதிர்ந்தது. அங்கிருந்து ஒரு வெடிப்பு சாய்வாகக் கீழிறங்கி, புதிய பட்டிக்கும் பெயிண்டுக்கும் கீழே மறைந்திருந்தது. இப்போது சமையலறைக்காக அவர்கள் இடிக்கக் குறித்துவைத்திருந்த சுவர் எது தெரியுமா? அந்தக் கர்டர் முனை உட்கார்ந்திருந்த அதே சுவர்.

அன்று மாலையே ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்தோம். பிறகு முனைகளில் காங்கிரீட் திண்டும், கீழே அஸ்திவாரத்தோடு சேர்த்துப் பில்லரும் போட்டுச் சரிசெய்தோம். விற்றவர் வெளிநாட்டில் இருக்கும் மகன். பவர் வாங்கி விற்றுக் கொடுத்தவர் சித்தப்பா. சுவரை எடுத்தது காலமாகிவிட்ட தகப்பனார். வேலை செய்த மேஸ்திரி இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சுவர் இருந்ததும் போனதும் எந்தக் காகிதத்திலும் இல்லாததால், ஒரு தலைமுறைக்குள் அந்தச் செய்தியே வீட்டைவிட்டுப் போய்விட்டது.

என் முழுக் கவலையும் இதுதான். ஆவணமில்லாமல் மாற்றிய வீட்டை விற்பதில் அனுமதி இல்லை என்ற குறை ஒன்று. அதைவிடப் பெரிய குறை, அடுத்தவர் எந்தச் சுவரில் கைவைக்கக் கூடாது என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேராதது. முதல் மாற்றத்தை வீடு எப்படியோ தாங்கிக்கொண்டுவிடும். அது தெரியாமல் அடுத்தவர் செய்யும் இரண்டாவது மாற்றத்தில்தான் பல கட்டடங்கள் விழுகின்றன.

தென்கொரியாவின் சியோல் நகரில் 1995 ஜூன் 29 அன்று சாம்பூங் என்ற பல்பொருள் அங்காடி இடிந்து விழுந்து 502 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தை முதலில் நான்கு மாடிக் குடியிருப்பாகத் திட்டமிட்டார்கள். பாதியில் அங்காடியாக மாற்றினார்கள். மின்படிக்கட்டுக்கு இடம் வேண்டுமென்று தூண்களை எடுத்தார்கள். ஐந்தாவது மாடியைச் சேர்த்தார்கள். மொட்டைமாடியில் இருந்த பெரிய குளிர்சாதன இயந்திரங்களைக் கிரேனில் தூக்காமல் தளத்தின் மேலேயே உருட்டி நகர்த்தினார்கள். ஒவ்வொன்றும் முந்தைய மாற்றம் விட்டுவைத்திருந்த பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் மருத்துவமனையாக இருந்த பகுதியில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. தாங்கும் தூண்களில் கைவைத்ததுதான் காரணம் என்ற குற்றச்சாட்டில் கைது நடந்தது. மேல்மாடியில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழ்த்தளத்தில் என்ன உடைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அடுக்ககத்தில் பிளாட் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வையுங்கள். உங்கள் பத்திரத்தில் நிலத்தின் பிரிக்கப்படாத பாகம் இருக்கிறது. தூண்களோ எல்லோருக்கும் பொது. அலமாரி உள்ளே போகவில்லை என்று தூணின் மூலையைக் கொத்துவதும், ஏசி குழாய்க்காகப் பீமில் ஓட்டை போடுவதும் உங்கள் வீட்டுக்குள் நடக்கும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள்.

பால்கனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரிலிருந்து நாலடி வெளியே நீட்டியிருக்கும் தளத்தில் முக்கியக் கம்பிகள் மேற்புறத்தில் ஓடும். அந்தத் தளத்தின் ஓரத்தில் நாலரை அங்குலச் சுவரைப் பத்தடி உயரத்துக்கு எழுப்பினால், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் சுமார் 200 கிலோ கூடுகிறது. அதுவும் நுனியில், எடை அதிகமாக இழுக்கக்கூடிய இடத்தில். அதோடு நிற்காமல், பழைய டைல்ஸை மெஷின் வைத்துக் கொத்தும்போது மேல்கம்பியையும் வெட்டிவிடுகிறார்கள். இப்படி அடைத்த பால்கனிகளை ‘கூடுதல் அறை’ என்று விளம்பரத்தில் போட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு இருக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவானாலும் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. உரிமையில் உள்ள குறைக்கு மட்டுமன்றிச் சொத்தில் உள்ள குறைக்கும் இது பொருந்தும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே கூறுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், ஓர் உண்மையைத் தெரிந்தே மூடிமறைப்பதை மோசடியில் சேர்க்கிறது. வெடிப்பு இருப்பது தெரிந்து, அதற்காகவே ஃபால்ஸ் சீலிங் போட்டு விற்றவர் இந்த வரிகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

55-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்றுதான் தொடங்குகிறது. அதனால்தான் பத்திரங்களில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகத்தைச் சேர்க்கிறார்கள். அந்த இரண்டு சொற்கள் மோசடியைக் கழுவிவிடும் என்று எந்த விற்பனையாளரும் நம்பி இருக்க வேண்டாம். அதே சமயம், சட்டம் பிடிப்பது விற்பவர் அறிந்த குறையைத்தான். மேற்கு மாம்பலத்து மகனைப் போல ஒன்றும் அறியாதவரை அது தொடுவதில்லை. பில்டர் விற்கும் புது வீடாக இருந்தால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டமைப்புக் குறைகளை அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

‘வரன்முறைப்படுத்திவிட்டோம் சார், இனி ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவைச் சேர்த்து, 2017-இல் விதிகளையும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு கட்டியவற்றுக்கு அந்தக் கதவு இல்லை. அனுமதி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் வரன்முறை என்பது நீங்கள் மீறிய விதிக்கு அரசு கொடுக்கும் மன்னிப்பு. பீமுக்குள் கம்பி குறைவாக இருந்தால் அது குறைவாகவே இருக்கும். துருக்கியில் 2018-இல் இப்படி நாடு தழுவிய பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் பேரில் லட்சக்கணக்கான கட்டடங்களுக்குச் சான்று கிடைத்தது. அந்நாட்டுப் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி நிலநடுக்கம் வந்தபோது துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதியின்றிச் சேர்த்த மாடிகளைப் பற்றியும் வெட்டிய தூண்களைப் பற்றியும் வழக்குகள் நடந்தன. சென்னைக்கு அப்படி ஒரு நிலநடுக்கம் வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் 2002-இல் திருத்திய நிலநடுக்கத் தரக்குறியீட்டில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள் என்பதையும், நம் பழைய வீடுகள் அதற்கு முன்பே கட்டியவை என்பதையும் மறக்கக் கூடாது.

அனுமதி இருக்கிறதா, தாங்குமா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி பெற்ற வீடு பலவீனமாக இருக்கலாம். அனுமதி இல்லாத மாடி, நல்ல பொறியாளரை வைத்துக் கட்டியதால் கல்லுப்போல நிற்கலாம். சொத்துவரி ரசீது இரண்டில் எதற்கும் பதில் ஆகாது. வரி போட்டதால் மாநகராட்சி அனுமதித்துவிட்டது என்று எண்ணுவது நம் மக்களிடம் மிகப் பரவலாக உள்ள தவறான எண்ணம்.

விற்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சொன்னால் விலை இறங்கும், பேங்க் லோன் தராது, நோட்டீஸ் வரும் என்கிறார்கள். விலை கொஞ்சம் இறங்கும்தான். அது நியாயமான இறக்கம், ஏனென்றால் சரிசெய்யும் செலவு வாங்குபவர் தலையில் விழுகிறது. கடன் விஷயத்தில் மறைப்பது இனிமேல் எளிதும் இல்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடத்தின் பணிநிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. கிரயத்துக்கு முந்தின வாரம் உண்மை வெளிவந்து வியாபாரம் முறிவதைவிட, முதல் நாளே சொல்லி அதற்கேற்ற விலை பேசுவது எல்லோருக்கும் லாபம்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். முதலில் பழைய அனுமதி வரைபடத்தைத் தேடுங்கள். வீட்டில் இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், எங்கெங்கே மாறியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து இப்போது உள்ளபடி வரைபடம் போடச் சொல்லுங்கள். எது எடை தாங்கும் சுவர், எது வெறும் தடுப்பு, எங்கே கர்டர் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். உடைக்காமலே காங்கிரீட்டின் தரத்தையும் கம்பி இருக்கும் இடத்தையும் அறியும் கருவிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. எல்லா வெடிப்பும் ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல்கள் சிமெண்ட் உலர்வதால் வருபவை. மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே படுக்கைவாக்கில் ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலின் வேலை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி நாளுக்கு நாள் அகலமாகும் வெடிப்பைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டில் ஒட்டிவைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

வாங்குபவர்களும் ஒரு காரியம் செய்யலாம். வக்கீலுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைப் பொறியாளருக்கும் ஒதுக்குங்கள். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: “ஐயா, நீங்கள் வந்த பிறகு இந்த வீட்டில் எதை இடித்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள்?” அவர் சொல்வதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நேர்மையான மனிதர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்க இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் சுவரை எந்த வருடம் எடுத்தோம், அந்த இடத்தில் என்ன கொடுத்தோம், மாடியை எப்போது எழுப்பினோம், யார் வேலை செய்தார்கள், போட்டோ இருந்தால் எங்கே இருக்கிறது. நினைவில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும். கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றைக்கே எழுதிப் பத்திரப் பையில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் விற்கும்போது அவர்களுக்குச் சொல்ல நாம் இருக்க மாட்டோம். இந்த மாதத்துக்குள் எழுதிவிடுங்கள்.